தாம்பரம் பக்கம் ஒருவரைப் பற்றிய பொது ஆவணங்களைத் தேடுவது எப்படி

பெயர் தெரியும், தாம்பரம் பக்கம் வீடு இருந்தது என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். தாத்தா வாங்கிய மனை என்ன ஆனது என்று பார்க்கும் பேரன், மனை வாங்கப்போகிறவர், வாரிசு வழக்குக்காக ஓர் இறப்புப் பதிவைத் தேடுகிறவர் எனக் காரணம் பலவாக இருக்கும். ஆனால் தொடங்கும்போது எல்லோரும் செய்கிற தவறு ஒன்றுதான். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுகிறார்கள்.

நம் ஊர்ப் பதிவேடுகளில் பெயரைப் போல வலுவில்லாத பிடி வேறில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் இன்ஷியல். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் ஓர் இன்ஷியல், பின் ஓர் இன்ஷியல். சுப்பிரமணியன் ஒரு பதிவேட்டில் சுப்ரமணியம், இன்னொன்றில் சுப்பிரமணி, வீட்டில் மணி. கணினியில் ஏற்றியபோது தமிழ்ப் பெயர் சில இடங்களில் ஆங்கில எழுத்துக்கு மாறியது, பிறகு மறுபடியும் தமிழுக்கு வந்தது. இடமும் ஆண்டும் இருந்தால் பெயர் தானாக வந்து விழும். வெறும் பெயர் இருந்தால் ஆயிரம் பேர் வருவார்கள்.

எனவே முதல் வேலை, அந்த இடம் எந்த ஆண்டில் எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது. புறநகரில் இதைச் செய்யாமல் தொடங்கினால் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில்தான் வந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளாயின. அதற்கு முந்தைய வரி ரசீது, பிறப்புப் பதிவு, கட்டட அனுமதி எல்லாம் அந்தப் பழைய பத்து அலுவலகங்களின் பெயரில்தான் இருக்கும். மாவட்டமும் மாறிக்கொண்டே வந்தது. இன்று செங்கல்பட்டு (2019 நவம்பர் முதல்), அதற்கு முன் காஞ்சிபுரம் (1997 முதல்), அதற்கும் முன் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். பழைய பத்திரங்களில் தாலுகா சைதாப்பேட்டை என்று இருக்கும். அதைப் பார்த்து இது வேறு ஊர்ப் பத்திரம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கல், தபால் முகவரியும் வருவாய்க் கிராமமும் வேறு வேறு. கிழக்குத் தாம்பரம் என்று முகவரி எழுதும் பல தெருக்கள் பத்திரத்தில் சேலையூர் கிராமம். மேற்கே கடப்பேரி, இரும்புலியூர் என்று போகும். பதிவேட்டுக்குத் தெரிந்தது வருவாய்க் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும்தான், தெருப் பெயர் அல்ல. பழைய வரி ரசீதோ பத்திரத்தின் ஒரு பக்க ஜெராக்ஸோ கையில் இருந்தால், முதலில் அதில் பார்க்கவேண்டியது சொத்து விவரப் பகுதி.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். ஈசி என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். பதிவுத்துறை இணையதளத்தில் கணக்குத் திறந்து, மின்னணுச் சேவைகளில் வில்லங்கச் சான்று பார்வையிடும் பகுதிக்குப் போகலாம். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. மண்டலம், பதிவு மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தேதிகள், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று வரிசையாகக் கேட்கும். பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல, இதில் தடுமாறாதவர் இல்லை. எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால், அதே தளத்தில் அதிகார எல்லையை அறியும் பகுதியில் கிராமப் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

"தேடலில் ஒன்றும் இல்லை" என்று வந்தால் சொத்து இல்லை என்று பொருளாகாது. உட்பிரிவு எண்ணைக் கொடுத்துத் தேடியிருப்பீர்கள், ஆனால் பத்திரம் எழுதிய நாளில் அந்த உட்பிரிவே பிறந்திருக்காது. 45/2B என்பது 1980-ல் வெறும் 45/2, 1965-ல் வெறும் 45 ஆக இருந்திருக்கலாம். மூன்றையும் தனித்தனியே போட்டுப் பார்க்கவேண்டும். அடுத்த காரணம், புதிய சார்பதிவாளர் அலுவலகம் பிரிக்கப்படும் முன் பதிவான பத்திரங்கள் பழைய அலுவலகத்தின் பெயரில் கிடக்கும். மூன்றாவது, இணையத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய காலம்தான் கிடைக்கிறது. அதற்கு முந்தையதை நேரில் மனு கொடுத்துக் கைப்பதிவேட்டில் தேடச் சொல்லவேண்டும். இதற்கு நாள் பிடிக்கும், விடாதீர்கள். குடும்பத்தின் ஆணிவேர் பெரும்பாலும் அந்தக் கைப்பதிவேட்டில்தான் இருக்கும்.

ஈசியில் ஒரு பதிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆவண எண் 2214/1986. எழுதிக்கொடுத்தவர்கள் மூன்று பேர், எழுதி வாங்கியவர் ஒரு பெண். தன்மை: விடுதலை. பரப்பு 2400 சதுர அடி. கீழே முந்தைய ஆவண எண் 871/1969. இந்த ஐந்து வரியில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. விடுதலைப் பத்திரம் என்றால், பங்குள்ள மூன்று பேர் தங்கள் பங்கை நான்காவது ஆளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அநேகமாக அண்ணன் தம்பிகள் சகோதரிக்கோ, பிள்ளைகள் தாய்க்கோ. 1969-க்கும் 1986-க்கும் நடுவே சொத்துக்காரர் இறந்திருக்கலாம். அப்படியானால் இறப்புப் பதிவைத் தேடவேண்டிய ஆண்டுகளும் கிடைத்துவிட்டன. பாகப்பிரிவினைப் பத்திரமாக இருந்தால் பங்காளிகள் அத்தனை பேரும் வரிசையாக வருவார்கள். தானசெட்டில்மெண்ட் என்றால் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் என்ன உறவு என்பது பத்திரத்திலேயே எழுதியிருக்கும்.

ஈசியோடு நின்றுவிடாதீர்கள், அதில் பெயர் மட்டும்தான் இருக்கும். பத்திரத்தின் சான்றிட்ட நகல் வாங்கினால் த/பெ, க/பெ, வயது, அன்றைய முகவரி, சாட்சிகள், பத்திரம் எழுதியவர் எல்லாம் வரும். "மேற்படி சொத்து எனக்கு என் தகப்பனார் மூலம் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு" என்று தொடங்கும் பத்தியைத்தான் நிதானமாகப் படிக்கவேண்டும். சொத்து யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்பது அதில் இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பலமுறை உறவினராகவே இருப்பார்.

யாரோ ஒருவருடைய பத்திர நகலை நாம் கேட்கலாமா என்ற தயக்கம் வேண்டாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். ஆனால் உயில்கள் ஏறும் 3-ஆம் புத்தகம் அப்படியல்ல. உயில் எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் நகல். அவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் தரலாம், இறப்புச் சான்றைச் சேர்த்து மனுச் செய்யவேண்டும். 4-ஆம் புத்தகம் பலவகை ஆவணங்களுக்கானது. அதன் நகல் எழுதிக்கொடுத்தவர், உரிமை கோருபவர், அவர்களுடைய பிரதிநிதி ஆகியோருக்கு மட்டும். பழைய பொது அதிகாரப் பத்திரங்கள் பெரும்பாலும் இந்த 4-ஆம் புத்தகத்தில் கிடப்பதால் ஈசியில் தெரியாது. பவர் வாங்கியவர் விற்றாரா, பவர் ரத்தான பிறகு விற்றாரா என்பதை ஈசி மட்டும் பார்த்து முடிவுகட்டியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். உயிலும் ஈசியில் வராது. பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் பதிவாகாமலேயே போவதால் வாடகைக்கு இருந்தவரைப் பதிவுத்துறையில் தேடிப் பயனில்லை. வங்கியில் மூலப்பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியது 2012 டிசம்பருக்குப் பிறகு என்றால் தெரியும், அன்றிலிருந்துதான் அந்த ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம்.

இனி வருவாய்த்துறை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் இ-சேவைத் தளத்தில் பார்க்கலாம், கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். இங்கே ஊரகம், நகர்ப்புறம் என்று இரண்டு வழி இருக்கிறது. சில பகுதிகள் இன்னும் ஊரகக் கணக்கில் இருக்கும், அங்கே சர்வே எண் போதும். நகர அளவை முடிந்த பகுதிகளில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் (டி.எஸ். எண்) வேண்டும். பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண், தளம் கேட்பது டி.எஸ். எண். இரண்டையும் பொருத்திக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் தாலுகா அலுவலகத்தின் நகர அளவைப் பிரிவில் இருக்கும். நில அளவரிடம் "கோரிலேஷன் வேண்டும்" என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார். அளவும் மாறும். பத்திரத்தில் ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி என்று இருப்பது பட்டாவில் சுமார் 2.23 ஏர், நகர அளவைப் பதிவேட்டில் சுமார் 223 சதுர மீட்டர், பேச்சில் ஐந்தரை சென்ட். எண் பொருந்தவில்லையே என்று பயப்படும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பட்டாவில் இருக்கும் பெயர் இன்றைய உரிமையாளர் பெயர் என்று நம்பிவிடக்கூடாது. எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். பதிவு மேம்பாட்டின்போது எழுதிய பெயரே, ஆள் இறந்து பல ஆண்டான பிறகும் அப்படியே இருப்பது புறநகரில் சாதாரணம். வாங்குகிறவருக்கு இது தலைவலி, குடும்ப வரலாறு தேடுகிறவருக்கோ வரம். பெயர் மாறாமல் நின்றதால்தான் கொள்ளுத்தாத்தா கிடைக்கிறார். சொத்து வரிப் பதிவும் இப்படித்தான். நகர்ப்புற உள்ளாட்சிகளின் வரித் தளத்தில் வரிவிதிப்பு எண் கொடுத்தால் பெயரும் பாக்கியும் தெரியும், ஆனால் வரி ரசீது உரிமை ஆவணம் ஆகாது.

பிறப்பு, இறப்புக்கு வருவோம். இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: குடியிருந்த ஊரில் தேடுவது. பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும். வாழ்நாள் முழுதும் பெருங்களத்தூரில் இருந்தவர் சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் இறந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் இறந்திருந்தால் அன்றைய பல்லாவரம் நகராட்சியின் ஏடுகளில் தேடவேண்டும், வீட்டில் இறந்தால் அந்த வீடு இருந்த உள்ளாட்சியில். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவதால் மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவு தாம்பரத்தில் இல்லாமல் திருவண்ணாமலையிலோ கும்பகோணத்திலோ இருக்கும். எனவே முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி "எந்த ஆஸ்பத்திரி?"

1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பதிவேட்டைத் தேடச் சொல்லிச் சான்று வாங்கலாம். இறப்புக்கான காரணம் மட்டும் அதில் தரப்படாது. 2018-க்குப் பிந்தைய பதிவுகளை மாநிலத்தின் பொதுத் தளத்தில் எடுக்கலாம். பழையது என்றால் நேரில் மனுதான். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு சேர்த்துத் தேடச் சொல்லுங்கள், தேடுதல் கட்டணம் ஆண்டுக்கணக்கில் வரும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவாகிவிடுவதால் பழைய பிறப்பு ஏடுகளில் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். தாய் தந்தை பெயரை வைத்துத்தான் தேடவேண்டும். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்பாமல் "பதிவு இல்லாச் சான்று" எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தாமதப் பதிவுக்கு மனுச் செய்ய முதலில் கேட்பது அதைத்தான்.

வாடகைக்கு இருந்தவர்களைத் தேட இருக்கும் ஒரே நல்ல வழி வாக்காளர் பட்டியல். பாகம் பாகமாக, தெருவாரியாக, கதவு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். ஒரே கதவு எண்ணில் அடுத்தடுத்து வரும் ஐந்து கட்டங்களைப் பார்த்தால் குடும்பம் தெரிந்துவிடும். 2025-ல் தீவிரத் திருத்தம் நடந்தபோது 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியல்களையும் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் ஏற்றியது பெரிய உபகாரம். ஆனால் பல கோப்புகள் படமாக இருப்பதால் பெயரைத் தட்டித் தேட முடியாது, கண்ணால்தான் மேய வேண்டும். இன்னொன்று, பல்லாவரம் என்ற தொகுதி 2008 மறுசீரமைப்புக்கு முன் கிடையாது. இன்றைய பல்லாவரம் தொகுதிக்காரர் பழைய பட்டியலில் தாம்பரம் போன்ற வேறு தொகுதியில் இருப்பார். தொகுதி, பிறகு பாகம், பிறகு தெரு என்று இறங்குங்கள். வயதை அப்படியே நம்பவேண்டாம், ஐந்து வயது முன்பின் இருக்கலாம். கதவு எண்ணில் பழைய எண், புதிய எண் இரண்டும் கலந்து கிடக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வாக்காளர் பட்டியலை வைத்து, வீட்டை விட்டு வெளியேறிய பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சொத்து, வாரிசு, வழக்கு என்று ஆவணத்தோடு காரணம் சொல்லத் தெரியாதவருக்கு இந்த வேலையைச் செய்துகொடுக்காதீர்கள். பட்டியல் திறந்திருப்பது தேர்தல் நேர்மைக்காக, ஆளைத் துரத்த அல்ல.

திருமணப் பதிவும் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான். தமிழ்நாட்டில் 2009 சட்டம் வந்த பிறகுதான் எல்லாத் திருமணத்துக்கும் பதிவு கட்டாயமானது. அதற்கு முன் பதிந்தவர்கள் குறைவு என்பதால் பழைய திருமணத்தைப் பதிவேட்டில் தேடி ஏமாறவேண்டாம்.

வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் தளம். கட்சிக்காரர் பெயர், ஆண்டு, நீதிமன்றம் கொடுத்துத் தேடலாம், வழக்கு எண் தெரிய வேண்டியதில்லை. பெயரை ஆங்கில எழுத்தில் போடவேண்டியிருப்பதால் முழுப்பெயரைப் போடாமல் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போடுங்கள். தாம்பரம் நீதிமன்றங்களோடு செங்கல்பட்டு, ஆலந்தூர் இரண்டையும் பார்க்கவேண்டும், சொத்து மதிப்பையும் காலத்தையும் பொறுத்து வழக்கு எங்கும் போயிருக்கும். மனை வாங்குகிறவர் ஈசியில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகிவிட்டு இதைப் பார்க்காமல் விடுவதுதான் மிகப் பெரிய ஓட்டை. பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் ஈசி சுத்தமாகவே இருக்கலாம்.

கடைசியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எல்லாவற்றுக்கும் முதலிலேயே ஆர்.டி.ஐ. போடுவது பழக்கமாகிவிட்டது, அது நேர விரயம். நகலுக்கென்று தனிச் சட்டமும் கட்டணமும் இருக்கும் ஈசி, பத்திர நகல் போன்றவற்றை ஆர்.டி.ஐ.யில் கேட்டால் அந்த வழியில் வாருங்கள் என்றுதான் பதில் வரும். ஆதார், குடும்ப அட்டை, வருமான வரி விவரம் போன்றவை பிறருக்குக் கிடைக்காது. 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஒ) விலக்கைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாக்கிவிட்டது. பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, எந்தப் பொதுநலன் என்று இரண்டு வரி எழுதினால்தான் இனி மனு நிற்கும்.

ஆர்.டி.ஐ. உண்மையில் உதவும் இடம், பதிவேடு எங்கே போனது என்று தெரியாதபோதுதான். பேரூராட்சி மாநகராட்சியில் கரைந்தபோது ஏடுகள் எந்த மண்டல அலுவலகத்துக்குப் போயின என்று கவுண்டரில் கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்போது ஒரு வெள்ளைத்தாளில், பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசமிட்டு, பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, இப்படிக் கேளுங்கள்: "சிட்லபாக்கம் பேரூராட்சியின் 1985 முதல் 1990 வரையிலான இறப்புப் பதிவேடுகள் தற்போது எந்த அலுவலகத்தில், யாருடைய பொறுப்பில் உள்ளன? அவற்றை நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தரவும்." ஏன், எதற்கு என்ற கேள்வி வேண்டாம். எங்கே, எந்த ஏடு, யாரிடம் என்று மட்டும் கேளுங்கள். டெலிவரிச் சான்றோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பார்வையிட அழைத்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பேனா, வெள்ளைத்தாள், படம் எடுக்க அனுமதி கேட்டு எழுதிய ஒரு கடிதம், இந்த மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.